இரண்டு மாத்திரைக்கு அடங்காத வலிப்பு

மாத்திரை இல்லாமல் வலிப்பை அடக்க வழி உண்டா என்று என்னிடம் கேட்பவர்கள் இரண்டு ரகம். மாத்திரையை எப்படியாவது விட்டுவிட வேண்டும் என்று துடிப்பவர்கள் ஒரு ரகம். வேளை தவறாமல் மாத்திரை போட்டும் வலிப்பு நிற்காதவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகம், இதை எழுதுவதும் அவர்களுக்காகத்தான். முதல் ரகத்துக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் ஒரு வலிப்பு முடியும் முன்பே அடுத்தது என்று விடாமல் இழுக்கும் நிலை வரலாம். அது நேராக ஐ.சி.யூ.வில் கொண்டுபோய்விடும், சிலருக்கு உயிரே போயிருக்கிறது. "மூலிகைதான், பக்க விளைவே இல்லை" என்று விற்ற வலிப்புப் பொடியைச் சோதித்தபோது உள்ளே பினோபார்பிட்டோன் இருந்த கதையும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. அதுவும் ஆஸ்பத்திரி மருந்துதான், எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஆகவே நான் கீழே சொல்வதெல்லாம் மாத்திரையோடு சேர்த்துச் செய்தவை.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் வெகுநேரம் இழுத்ததாக அம்மா சொல்வாள். அப்புறம் பல வருஷம் ஒன்றுமில்லை. காலேஜில் சேர்ந்த காலத்தில் வேறு மாதிரி ஆரம்பித்தது. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சுக்கு ஏறும். கூடவே காரணமில்லாத ஒரு பயம். இதே இடத்தில், இதே பேச்சை, ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன் என்று தோன்றும். எனக்குத் தெரிவது அவ்வளவுதான், மீதியைப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். கண் ஒரே இடத்தில் குத்தி நிற்குமாம், வாய் எதையோ மெல்லுமாம், கை துப்பட்டாவைப் பிடித்துக் கசக்கிக்கொண்டே இருக்குமாம். ஒன்றிரண்டு நிமிஷம். தெளிந்த பிறகும் கொஞ்ச நேரம் சம்பந்தமில்லாமல் பேசுவேன். கீழே விழுந்து கைகால் உதறுவது எப்போதாவதுதான். அதனால் இதை வலிப்பு என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை. "புள்ள என்னமோ முழிக்கா" என்று திருநீறு பூசினார்கள். டவுனில் ஒரு நரம்பு டாக்டர் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டார். மாத்திரை ஆரம்பமானது.

முதல் மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது. இரண்டாவது சேர்த்தார்கள். அதுவும் போதவில்லை, மூன்றாவது. அந்த மூன்றும் சேர்ந்து தூக்கத்தைக் கொடுத்தன, உடம்பைப் பெருக்க வைத்தன, கரும்பலகையில் பாதிக் கணக்குப் போட்டுவிட்டு அடுத்த வரி என்ன என்று நிற்க வைத்தன. (நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர்.) வலிப்பு மட்டும் மாதத்துக்கு ஏழெட்டு என்று வந்துகொண்டே இருந்தது. அந்த டாக்டரிடம் ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரே பதில்: "டோஸை ஏத்திப் பார்ப்போம்மா." இப்படியே வருஷங்கள் போயின.

இந்த வருஷங்கள்தான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். ஏனென்றால் கணக்கு ரொம்ப நாளாகவே தெளிவாக இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் க்வான், பிராடி என்ற இரு மருத்துவர்கள் 525 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் அதற்குமுன் வலிப்பு மருந்தே எடுக்காத 470 பேரின் கணக்கு இது: முதல் மாத்திரையிலேயே வலிப்பு நின்றவர்கள் 47 சதவீதம். இரண்டாவதில் நின்றவர்கள் 13 சதவீதம். அதற்கு மேல் மூன்றாவது மருந்தோ கூட்டு மருந்தோ கொடுத்து நின்றவர்கள் 4 சதவீதம்தான். இரண்டு மருந்து தோற்றபின் மூன்றாவது ஜெயிக்கும் என்று காத்திருப்பது எவ்வளவு மெல்லிய நம்பிக்கை என்று பாருங்கள். 2010இல் உலக வலிப்பு மருத்துவர்களின் அமைப்பு இதையே வரையறையாக வைத்தது: பொருத்தமாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த நிலைதான். அந்தக் கட்டத்தில் டாக்டரிடம் கேட்க வேண்டியது "அடுத்த மாத்திரை எது?" என்பதல்ல. "என்னை வலிப்பு அறுவை சிகிச்சை மையத்துக்கு மதிப்பீட்டுக்கு அனுப்புவீர்களா?" என்பதுதான். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வதென்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னை அனுப்பியது இன்னொரு டாக்டர். எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்த சக டீச்சரின் அண்ணன் மூலம் கிடைத்தவர். முதல் நாளே கேட்டார்: "வலிப்பு வரும்போது யாராவது வீடியோ எடுத்திருக்கீங்களா?" என் வீட்டுக்காரர் போனில் ஒன்று இருந்தது. அதை நாலைந்து தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுவரை எத்தனையோ ஸ்கேன் எடுத்திருந்தேன், ஒருவரும் அந்த ஒரு நிமிஷத்தைப் பார்க்கக் கேட்டதில்லை. பிறகு வலிப்புக்கென்றே உள்ள முறையில் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். புது நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் வலது பக்கம் சுருங்கி வடுவாகியிருந்தது தெரிந்தது. பழைய ஸ்கேன் அறிக்கை "நார்மல்" என்று சொல்லியிருந்தது. சாதாரண ஸ்கேனில் இந்த வடு எளிதாகத் தப்பிவிடும் என்றார்.

சரி, அந்த வடுப் பகுதியை எடுக்க ஆபரேஷன் என்றதும் வீடே ஆடிப்போனது. "மூளையைத் திறக்கதா? அதெல்லாம் அமெரிக்காவுல பண்ணுவாவ" என்றார் அத்தை. உண்மையில் இந்தியாவில் வலிப்புக்கான அறுவை சிகிச்சை தொடங்கியதே நம் வேலூரில்தான். கனடாவின் மாண்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றுவந்த ஜேக்கப் சாண்டி 1952இல் சி.எம்.சி.யில் செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் இதற்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. அத்தைக்கு வேலூர் என்றதும் பாதி பயம் போனது. அவருடைய தம்பிக்கு அங்கேதான் இதய ஆபரேஷன்.

மதிப்பீட்டுக்குத் திருவனந்தபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மூளையின் மின் அலைகளையும் ஆளையும் சேர்த்துப் பதியும் வீடியோ இ.இ.ஜி. என்பதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். தலை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டி, மேலே துணி சுற்றிவிடுவார்கள். கட்டிலுக்கு எதிரே கேமரா, ராவும் பகலும் ஓடும். கூட ஒரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். அப்புறம் மாத்திரையைக் குறைப்பார்கள், தூங்கவும் அதிகம் விடமாட்டார்கள். ஏனென்றால் அங்கே வலிப்பு வந்தே ஆக வேண்டும். இவ்வளவு காலம் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டவள், இப்போது ஏன் இன்னும் வரவில்லை என்று காத்திருந்தேன். மாத்திரையைக் குறைப்பது ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். ஆபத்துதான், அதனால்தான் ஊசி மருந்தோடு நர்ஸ் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் மட்டும் செய்கிறார்கள். வயிறு ஏறத் தொடங்கியதும் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நர்ஸ் ஓடிவந்து பேர் கேட்பார், ஒரு சொல்லைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்வார், கையைத் தூக்கச் சொல்வார். எந்த நொடியில் பேச்சு போகிறது, எந்தக் கை விறைக்கிறது, தெளிந்தபின் அந்தச் சொல் நினைவிருக்கிறதா என்பதை வைத்துத்தான் வலிப்பு எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று பிடிக்கிறார்கள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள், ஒயர் ஒட்டாது. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை எடுத்துப் போங்கள், தலைவழியாக எதையும் மாட்ட முடியாது.

நினைவாற்றல் சோதனையும் பாதி நாள் நடந்தது. கதை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வது, படம் காட்டி மறைத்துவிட்டு வரையச் சொல்வது. அது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய கதை உண்டு. ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல் வலிப்புக்காக இரண்டு பக்கத்து ஹிப்போகாம்பஸ் பகுதியையும் அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப்பின் 2008இல் சாகும்வரை புதிதாக எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் எடுப்பதென்றால் ஒரு பக்கம்தான், அதுவும் மற்றப் பக்கம் சுமை தாங்கும் என்று தெரிந்தால்தான்.

என் கதை அங்கேதான் இடறியது. ஸ்கேனில் வடு வலது பக்கம் மட்டும்தான். ஆனால் கேமராவில் பிடித்த வலிப்புகளில் சில வலமிருந்தும் சில இடமிருந்தும் கிளம்பின. நினைவுச் சோதனையில் இடது பக்கமும் சோர்ந்துதான் இருந்தது. மருத்துவர்கள் எல்லோரும் கூடிப் பேசி, ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். அந்த முடிவை எனக்குச் சொன்ன டாக்டரம்மா அவசரப்படாமல், படம் வரைந்து காட்டி, நான் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். "இல்லை" என்ற பதிலும் ஒரு முடிவுதான். அதற்குமுன் எனக்கு எந்த முடிவும் கிடைத்திருக்கவில்லை.

பக்கத்து அறையில் இருந்த மார்த்தாண்டத்துத் தம்பிக்கு எல்லாமே ஒரே பக்கம், வலது பொட்டுப் பகுதி. அவனுக்குச் செய்தார்கள். இப்போதும் மாத்திரை போடுகிறான், ஆனால் வலிப்பு இல்லை. இடது மேல் மூலையில் பார்வையில் ஒரு துண்டு குறைந்திருக்கிறது. அது நடக்கலாம் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அவனை மாதிரி ஆட்களுக்கு அறுவை சிகிச்சை எவ்வளவு பலன் தரும் என்பதற்குக் கனடாவில் நடந்த ஆய்வு ஒன்று 2001இல் வந்தது. 80 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்கு ஆபரேஷன், பாதிப்பேருக்கு மாத்திரை மட்டும். ஒரு வருஷம் கழித்து நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் ஆபரேஷன் பக்கம் 58 சதவீதம், மாத்திரைப் பக்கம் 8 சதவீதம். மாத்திரைப் பக்கத்தில் ஒருவர் இறந்தும் போனார். ஆபரேஷன் என்றால் உயிர்ப்பயம் என்கிறோம். அடங்காத வலிப்போடு வாழ்வதிலும் உயிர்ப்பயம் இருக்கிறது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வலிப்புள்ள பெரியவர்களில் ஆயிரத்தில் ஒருவர் ஆண்டுதோறும் வேறு காரணமே தெரியாமல், பெரும்பாலும் தூக்கத்தில், இறந்துபோகிறார்கள். கைகால் உதறும் பெரிய வலிப்பு அடிக்கடி வருகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். "மாசத்துக்கு ரெண்டுதானே, பொறுத்துக்கோ" என்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

எனக்கு அவர்கள் கொடுத்த அடுத்த வழி, சாப்பாடு. சிரிக்காதீர்கள், நானும் முதலில் சிரித்தேன். பட்டினி கிடந்தால் வலிப்பு அடங்குகிறது என்பது ரொம்பப் பழைய கவனிப்பு. பட்டினியில் உடம்பு கொழுப்பை எரித்து கீட்டோன் என்ற பொருளை உண்டாக்குகிறது, மூளை சர்க்கரைக்குப் பதில் அதை எடுத்துக்கொள்கிறது. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர், பட்டினி போடாமலே கொழுப்பை மிகுதியாகவும் மாவுச்சத்தை மிகக் குறைவாகவும் கொடுத்தால் அதே நிலை வருமே என்று கீட்டோ உணவை முன்வைத்தார். அது பெரும்பாலும் குழந்தைகளுக்கு, ஒவ்வொரு கவளத்தையும் தராசில் நிறுத்துக் கொடுப்பது. பெரியவர்களுக்கு அது ஒத்துவராது. அதனால் 2003 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் தளர்த்திய வடிவம் ஒன்றை உருவாக்கினார்கள், திருத்திய அட்கின்ஸ் உணவு என்கிறார்கள். மாவுச்சத்து ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம். புரதத்துக்குக் கட்டுப்பாடு இல்லை, கொழுப்பை வலிந்து சேர்க்க வேண்டும். தில்லி எய்ம்ஸில் 160 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் வெளியானது. பல மருந்து தோற்றவர்கள். ஆறு மாதத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தவர்கள், உணவும் மருந்தும் சேர்த்தவர்களில் 26 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 3 சதவீதம். நான்கில் ஒருவருக்கு நன்றாகக் கேட்கிறது, மூன்று பேருக்கு அந்த அளவு கேட்பதில்லை. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் இறங்கினேன்.

20 கிராம் என்றால் என்ன என்று நம் அடுக்களையில் நின்று பார்த்தால்தான் புரியும். ஒரு இட்லியிலேயே எட்டுப் பத்து கிராம் இருக்கிறது. ரெண்டு இட்லி தின்றால் அன்றைய கணக்கு முடிந்தது. ஒரு கப் சோற்றில் நாற்பதுக்கு மேல். ஒரு வாழைப்பழம் இருபதைத் தாண்டும். சாம்பாரில் பருப்பு, ரசத்தில் பருப்புத் தண்ணி, பொரியலில் தாளிக்கும் உளுந்து கடலைப்பருப்பு, குழம்பில் அரை கைப்பிடி சின்ன வெங்காயம் என்று கணக்கு எங்கெங்கோ ஒளிந்திருக்கும். உணவு ஆலோசகர் மலையாளி, எங்கள் ஊர்ச் சமையல் தெரிந்தவர். அவர் கொடுத்த தாளில் ரொட்டி, சீஸ் என்று ஒன்றும் இல்லை. முட்டை, சாளை, நெத்திலி, கோழி, பனீர், கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்கீரை, தேங்காய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வெண்ணெய். காலையில் மூன்று முட்டை, நல்லெண்ணெய் மிதக்க ஆம்லெட், கூடத் தேங்காய்ச் சட்னி, பொட்டுக்கடலை போடாமல். மத்தியானம் தேங்காய்ப்பாலில் மீன் குழம்பைச் சோறில்லாமல் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தேன். தேங்காய்தான் என்னைக் காப்பாற்றியது. நூறு கிராம் தேங்காயில் நார்ச்சத்தைக் கழித்தால் மாவுச்சத்து ஆறு கிராம்தான், கொழுப்பு முப்பதுக்கு மேல். நம் பக்கத்துச் சமையலில் தேங்காயை மட்டும் பெருக்கி, அரிசியைத் தூக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தூக்குவதுதான் பாடு.

முதல் வாரம் தலைவலி, சோர்வு, எரிச்சல். மலச்சிக்கல் இன்னும் அவ்வப்போது உண்டு. சிறுநீரில் கீட்டோன் வருகிறதா என்று பட்டையை நனைத்து நிறம் பார்க்க வேண்டும். ஆரம்பிக்கும்முன் கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனை, பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை அதே பரிசோதனை. சிறுநீரகக் கல் வர வாய்ப்புண்டு, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சத்து மாத்திரையும் கால்சியமும் தனியாக. மாத்திரைக்குப் பதில் சிரப் எடுப்பவர்கள் அதில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள், இருமல் சிரப்பும் அதே கதைதான். கர்ப்பமாக இருப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கொழுப்பைச் செரிப்பதில் பிறவிக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. டாக்டரும் உணவு ஆலோசகரும் இல்லாமல் வீடியோ பார்த்துத் தொடங்கவே கூடாது. ஜிம்முக்குப் போகிறவர்கள் செய்யும் கீட்டோ வேறு, இது வேறு. மூன்று மாதம் ஒழுங்காக இருந்து பார்த்துப் பலன் இல்லையென்றால் விட்டுவிடலாம் என்றார்கள். முடிவுக்கு ஒரு தேதி இருந்ததால்தான் என்னால் முதல் மாதத்தைத் தாண்ட முடிந்தது.

எனக்குக் கேட்டது. முழுக்க நிற்கவில்லை. ஏழெட்டு வந்த இடத்தில் இப்போது மாதம் இரண்டு மூன்று, விழுந்து உதறுவது அரிதாகிவிட்டது. மாத்திரையில் ஒன்றை டாக்டரே மெல்ல மெல்லக் குறைத்து எடுத்துவிட்டார். அந்த ஒன்று போனதில் வகுப்பில் கணக்குத் தடுமாறுவது குறைந்தது, எனக்கு அதுவே பெரிய லாபம். கல்யாண வீட்டில்தான் கஷ்டம். இலையில் உட்கார்ந்து அவியலும் கூட்டும் மட்டும் தின்னும் பெண்ணை உறவுக்காரர்கள் விட்டுவைப்பார்களா? "சுகரா மதினி?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றுவிடுவேன். விளக்கம் சொல்வதைவிட அது சுலபம், யாரும் பாயசத்தை ஊற்றுவதும் இல்லை. இந்த அளவுக்கு இருக்க முடியாதவர்களுக்கு இன்னும் தளர்வான முறை ஒன்று உண்டு. 40 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து, ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் பொருளாகப் பார்த்து எடுக்க வேண்டும். முழுச் சைவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு முன்பே நான் தொடங்கி, இன்றும் விடாமல் இருப்பது நோட்டு. வலிப்பு வந்த தேதி, நேரம், முந்தைய ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தேன், மாதவிலக்கு நாள், மாத்திரை தவறியதா, காய்ச்சலா. சில மாதத்திலேயே இரண்டு விஷயம் பளிச்சென்று தெரிந்தன. மாதவிலக்குக்கு ஓரிரு நாள் முன்பும் அந்த நாட்களிலும் வலிப்பு கூடுகிறது. பல பெண்களுக்கு இப்படி உண்டு, நோட்டைக் காட்டினால் டாக்டர் அந்த நாட்களுக்கென்று தனியாக ஏற்பாடு செய்வார். இன்னொன்று தூக்கம். எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு விடிய விடிய வில்லுப்பாட்டு, மறுநாள் காலை எனக்கு வலிப்பு. ஒரு வருஷம் அல்ல, ஒவ்வொரு வருஷமும். சாமியாடியைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார். நான் இப்போது மாக்காப்பு பார்த்துவிட்டுப் பத்து மணிக்குள் படுத்துவிடுகிறேன், கொடை முடிந்தும் ஒன்றும் வருவதில்லை. குறட்டை விட்டு மூச்சு முட்டி எழுகிறவர்கள் அதைத் தனியாகக் காட்டுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயைச் சரிசெய்தால் சிலருக்கு வலிப்பும் குறைகிறது. மதுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், குடித்த இரவைவிட அது இறங்கும் மறுநாள்தான் மோசம் என்று ஆண்கள் வார்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

டிவியும் போனும் கூடாது என்று வீட்டில் பறித்துவைப்பார்களே, அது பெரும்பாலோருக்குத் தேவையில்லாத தண்டனை. மினுக்கும் ஒளியால் வலிப்பு வருவது வலிப்புள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். இ.இ.ஜி. எடுக்கும்போது கண்முன் விளக்கை மினுக்கிச் சோதித்துவிடுகிறார்கள், அறிக்கையில் இருக்கும்.

நம் பக்கத்தில் அதைவிடக் கவனிக்க வேண்டியது வெந்நீர். தலையில் செம்பு செம்பாகச் சூடான தண்ணீரை ஊற்றும்போது மட்டும் வலிப்பு வரும் ஒரு வகை இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும்விடத் தென்னிந்தியாவில்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது, பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் ஒரு பையனின் அப்பாவுக்கு இப்படித்தான், எண்ணெய்க் குளியல் நாளில் மட்டும் விழுவார். சனிக்கிழமை தோஷம் என்று பரிகாரம் செய்துகொண்டிருந்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்துக்குக் கீழே ஊற்றிக்கொள்ளச் சொன்னார் டாக்டர், தலைக்குத் தனியாக ஆறின தண்ணீர். பெரும்பாலும் அதோடு நின்றுவிட்டது. மருந்தில்லா வைத்தியத்தில் இவ்வளவு மலிவானது வேறொன்றை நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் இப்படி நிற்காது, சிலருக்குக் குளிக்கும்முன் மாத்திரையும் தேவைப்படும்.

யோகா? நிறையப் பேர் அனுப்பிவைக்கிறார்கள். இதுவரை நடந்த ஆய்வுகள் சின்னவை, அவற்றைத் தொகுத்துப் பார்த்தவர்களும் நம்பகமான முடிவுக்கு வர முடியாது என்றுதான் சொன்னார்கள். எனக்குப் பதற்றம் குறைகிறது, தூக்கம் வருகிறது, அந்த அளவுக்குச் செய்கிறேன். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமாக மூச்சு விடுவதைத் தவிர்க்கிறேன். இ.இ.ஜி. எடுக்கும்போது வலிப்பின் தடயத்தைக் கிளப்ப மூன்று நிமிஷம் வேகமாக மூச்சுவிடச் சொல்வது அதே காரணத்துக்குத்தான். மனநல ஆலோசகரிடம் போவதற்கு யாரும் கூச்சப்படாதீர்கள். அடுத்தது எப்போது வருமோ என்ற பயத்தில் நான் வெளியே போவதையே நிறுத்தியிருந்தேன், அதைப் பேசித்தான் சரிசெய்தேன்.

பாதுகாப்பும் வைத்தியத்தில் சேர்த்திதான். தாமிரபரணி ஓடும் ஊரில் இருந்துகொண்டு ஆற்றில் தனியாக இறங்குவதில்லை. குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை, கதவில் ஒரு பலகை தொங்கும், 'ஆள்' என்று எழுதி. ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கிறேன். கேஸ் அடுப்பை விட்டு இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினோம், எண்ணெய்ச் சட்டி இருந்தால் அத்தை பக்கத்தில் நிற்பார். வண்டி ஓட்டுவதில்லை. லைசென்ஸ் விண்ணப்பத்தின் உடல்நல உறுதிமொழியிலேயே வலிப்பு இருக்கிறதா என்ற கேள்வி உண்டு, அதற்குப் பொய் சொல்லக் கூடாது. ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்: சாவியும் இரும்பும் கையில் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், கைகாலைப் பிடித்து அழுத்த வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, தெளியாமல் அடுத்தது வந்தாலோ 108. முதலில் தயங்கித்தான் சொன்னேன், வேலை போய்விடுமோ என்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் பெரியவர்களைவிடச் சரியாகச் செய்கிறார்கள்.

இப்போது டாக்டர் மறுபடி எடுத்திருக்கும் பேச்சு வேகஸ் நரம்புத் தூண்டல். இடது காரை எலும்புக்குக் கீழே சின்னக் கருவி ஒன்றை வைத்து, கழுத்தின் இடதுபக்கம் ஓடும் வேகஸ் நரம்பில் ஒயரைச் சுற்றுகிறார்கள். மூளையைத் தொடுவதில்லை. பெரும்பாலும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை முப்பது வினாடி மின்துடிப்பு போகும்படி வைப்பார்கள். வலிப்பு வருவது போலிருந்தால் காந்தத்தை அதன்மேல் ஒருமுறை காட்டினால் கூடுதலாக ஒரு துடிப்பு போகும். அமெரிக்காவில் 1997இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. இதனால் வலிப்பு முழுக்க நின்றுபோவது குறைவு, வருஷங்கள் போகப் போக ஏறக்குறைய பாதிப்பேருக்கு வலிப்பு பாதியாகிறது. இதுதவிர மூளையின் உள்ளே தலாமஸில் கம்பி வைக்கும் முறைக்கும் 2018இல் அங்கே அனுமதி வந்தது, அது எனக்கு இப்போதைக்கு வேண்டாம் என்கிறார் டாக்டர்.

செலவு பல லட்சம், சில வருஷம் கழித்து பாட்டரிக்காக மறுபடி ஒரு சின்ன ஆபரேஷன். அதை எப்படியாவது சமாளிக்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். என் தயக்கம் வேறு. துடிப்பு போகும் ஒவ்வொரு முறையும் பலருக்குக் குரல் கம்மிப்போகிறது, இருமல் வருகிறது. நாள் முழுக்கப் பேசிப் பிழைப்பவளுக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை குரல் போனால் எப்படி? அளவைக் குறைத்துவைக்கலாம், நாளாக ஆகக் குரல் பழகிவிடும், முக்கியமாகப் பேசவேண்டிய நேரத்தில் காந்தத்தைக் கருவியின் மேலேயே பிடித்துவைத்தால் அதுவரை துடிப்பு நிற்கும் என்று சொன்னார். சரி, ஏற்கெனவே வைத்துக்கொண்ட ஒரு டீச்சரோ வக்கீலோ இருந்தால் அவர்களிடம் போனில் பேசிப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள், குரலைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.